பாதையில் நிற்காத வண்டி

எங்கள் தீவில் ஏற்றம் என்று சொல்லத்தக்க ஒன்று கிடையாது. வேலணையில் ஒரு பந்தை உருட்டி விட்டால், எந்தத் திசைக்குப் போவதென்று தெரியாமல் அது அதே இடத்தில் நின்றுவிடும். ஆகவே ஒரு வாகனத்தின் இழுவை வலுவைச் சோதிக்க விரும்புகிறவருக்கு இங்கே மலையும் இல்லை, மேடும் இல்லை. இருப்பது ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் இடையே கடலைக் கடக்கும் மிதவை மட்டுமே. சனங்களும் வாகனங்களும் ஏறி நிற்க, இயந்திர வலுவில் மெல்ல நகரும் பெரிய இரும்புத் தட்டு அது. அதை நாங்கள் 'பாதை' என்போம். தரையில் ஓடுவது எங்களுக்கு றோட்டு; கடலில் ஓடுவதுதான் பாதை. தண்ணீர் வற்றிய வேளையில் பாதை தாழ்ந்து நிற்கும். அதிலிருந்து இறங்குதுறைக்கு ஏறுகிற சில முழச் சரிவுதான் தீவகம் முழுவதற்குமான மலை.

அந்தச் சரிவின் பெயரால் எங்கள் வீடு ஒரு மாத காலம் இரண்டு அணிகளாகப் பிரிந்து கிடந்தது. அதில் நான் அடைந்த களைப்பு இன்னும் முழுதாகத் தீரவில்லை.

அப்பாவின் தொழில் படகு இழுப்பது. அல்லைப்பிட்டியிலும் மண்கும்பானிலும் கரையில் கிடக்கும் கண்ணாடியிழைப் படகுகளை ட்ரெயிலரில் ஏற்றி, தன் கப்பின் பின்னால் கொழுவி, பாதையில் கடந்து, காரைநகரில் உள்ள திருத்துமிடத்தில் ஒப்படைப்பார். திருத்தி முடிந்ததும் அதே வழியாகக் கொண்டுவந்து கடலில் விடுவார். கப் என்பது முன்னால் ஆட்கள் இருக்கவும் பின்னால் பாரம் ஏற்றவும் அமைந்த வாகனம். எங்கள் பழைய கப் எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து ஓடியது. படகை ஏற்றுவதற்காகப் பின்பக்கமாகக் கடலுக்குள் இறங்கி இறங்கி அதன் அடிச்சட்டம் முழுவதும் துருப்பிடித்து, கறள் தின்றுவிட்டிருந்தது. ஒருநாள் மண்கும்பான் கரையில், பாரம் ஏறிய கணத்தில், அது நடுவால் முறிந்தது. அப்பா வீட்டுக்கு வந்து, "வண்டி கொஞ்சம் பதிஞ்சு போச்சு" என்று மட்டும் சொன்னார்.

வாடைக்காற்று தொடங்குவதற்கு முன்னர் படகுகள் திருத்தத்துக்குப் போயாக வேண்டும். அதற்குள் வேறு வாகனம் வந்து சேராவிட்டால் படகுக்காரர்கள் வேறு ஆளைப் பிடிப்பார்கள். ஒரு பருவம் கைமாறிய வேலை அடுத்த பருவம் திரும்பி வருவதில்லை. பிறகு அப்பா வீட்டில் இருந்துவிடுவார். அறுபதைக் கடந்த ஒரு மனிதர் வீட்டில் இருந்துவிடுவதன் பொருள் எங்கள் ஒழுங்கையில் எல்லோருக்கும் தெரியும். அப்படி இருந்துவிட்டவர்கள் சிலர் காலையில் படலையைத் திறந்து றோட்டைப் பார்த்துவிட்டு, மறுபடியும் சாத்துவதை நாங்கள் தினமும் காண்கிறோம்.

என்னைப் பற்றியும் சொல்ல வேண்டும். பாடசாலையில் விவாத அணிக்குத் தலைமை தாங்கியவன் நான். இன்று கோயில் திருவிழா மேடைகளில் பட்டிமன்றம் பேசுகிறேன். எந்தத் தலைப்பையும் எந்தப் பக்கத்திலிருந்தும் பேச எனக்குப் பயிற்சி உண்டு. நான் தோற்ற விவாதங்கள் மிகச் சில. அவற்றிலும் இரண்டொன்றில் நடுவர்கள் தவறினார்கள் என்பதே இன்றுவரை என் கருத்து. இப்படிப்பட்ட ஒருவன் வீட்டில் இருந்தால் வீட்டாருக்கு என்ன தோன்றும்? நடுவர் கதிரையில் என்னை இருத்தினார்கள். மேடையில் நடுவருக்கு ஒரு மணி உண்டு. அடித்தால் பேச்சு நிற்கும். வீட்டில் அது இல்லை.

போட்டிக்கு வந்த கப்புகள் இரண்டு. ஒன்று இறுப்பிட்டியில், வெளிநாட்டிலிருந்து வந்து போகும் ஒருவரின் கொட்டகையில் மூடிக் கிடந்த வெள்ளை வண்டி. பழையது, கியர் மாற்றி ஓட்டுவது, பின் அச்சின் மேல் தடித்த இரும்பு வில்லுகள் அடுக்கியது. மற்றது, மலைநாட்டிலிருந்து எங்கள் பக்கத்துத் திருநெல்வேலிச் சந்தைக்கு மரக்கறி கொண்டுவரும் வியாபாரி ஒருவரின் கறுப்பு வண்டி. புதியது, தானாகவே கியர் மாறும் ஒட்டோ. சவாரி மாடுகளுக்குப் பெயர் வைப்பதுபோல் அப்பா இவற்றுக்கு வெள்ளையன், கறுவல் என்று பெயர் வைத்தார். வெள்ளையன் அப்பாவின் கட்சி. கறுவல் அத்தானின் கட்சி. அத்தான் என் அக்காவின் கணவர், கணித ஆசிரியர். வாகனத்தை அவர் வாங்கப் போவதில்லை, ஓட்டப் போவதும் இல்லை. ஆயினும் பாடசாலை விட்டதும் மோட்டார் சைக்கிளை நேரே எங்கள் வீட்டுக்கு விட்டுவிடுவார்.

"மாமா, முறுக்கு விசையிலை கறுவல் எவ்வளவோ மேலை. புத்தகத்திலையே கிடக்கு."

"முறுக்கு விசையோ? அதை வைச்சு என்ன, தீபாவளிக்குப் பலகாரம் சுடப் போறீரோ?"

"இழுக்கிற வலுவைச் சொல்லுறன் மாமா."

"வலு புத்தகத்திலை இல்லைத் தம்பி. வெள்ளையன்ரை பின்பக்கத்தைப் பாரும். முழுக்க இரும்பு. நாலு பேர் நிண்டு உலுப்பினாலும் அசையான்."

"கறுவலும் இரும்புதானே."

"கறுவலிலை பாதி வயர். உப்புத் தண்ணிக்குள்ளை இறக்கினால் வயர் என்ன செய்யும்? பாட்டுப் பாடும்."

"கறுவலுக்கு அடியிலை ஒரு பொட்டுக் கறள் இல்லை மாமா. மலைநாட்டிலை உப்புக் காத்து எங்கை?"

"வெள்ளையன் மட்டும் என்ன, கடல் குளிச்சவனோ? கொட்டிலுக்குள்ளை மாப்பிள்ளை மாதிரிக் கிடந்தவன்."

பிறகு இருவரும் ஒரே வேளையில் என் பக்கம் திரும்புவார்கள். "நீர் சொல்லும் மச்சான்," என்பார் அத்தான். "நீ ஏன் வாயைப் பொத்திக்கொண்டு இருக்கிறாய்?" என்பார் அப்பா. நான் இரு பக்கத்து நியாயங்களையும் தொகுத்துச் சொல்வேன். தொகுத்துச் சொன்னதும், அதிலிருந்தே அடுத்த சுற்றைத் தொடங்குவார்கள்.

கனடாவில் இருக்கும் சித்தப்பாவையும் அப்பா சாட்சிக்கு அழைத்தார். அது பெரும் பிழையாயிற்று. கைபேசித் திரையில் சித்தப்பா தன் வீட்டு முற்றத்தில் நிற்கும் ட்ரக்கைச் சுற்றிச் சுற்றிக் காட்டினார். படி வைத்து ஏற வேண்டிய உயரம். எங்கள் குசினியை அதன் பின்பெட்டியில் அப்படியே வைக்கலாம்.

"அண்ணை, நீங்கள் பாக்கிற ரெண்டும் விளையாட்டுச் சாமான். இது முழு சைஸ். வீட்டையே கட்டி இழுக்கும்."

"நீ இதாலை எதை இழுக்கிறனி?" என்றார் அப்பா.

சித்தப்பா கைபேசியை ட்ரக்கின் பின்பக்கம் திருப்பினார். "இன்னும் ஒண்டும் இழுக்கேல்லை. கொழுக்கி பூட்டி வைச்சிருக்கிறன். ஆனால் பக்கத்து வீட்டுக்காரன்ரையிலும் பாக்க வலு கூட. அவன் மற்றக் கொம்பனி. ரெண்டு பேரும் இப்ப கதைக்கிறேல்லை."

உலகத்தின் மறுகரையிலும் இதே விவாதம் நடக்கிறது, அங்கேயும் எவரும் முடிவு சொல்லவில்லை என்று அறிந்தபோது எனக்கு ஆறுதலாக இருக்கவில்லை.

அடுத்ததாக மலைநாட்டு வியாபாரியின் அழைப்பு வந்தது. அப்பா ஒலிபெருக்கியைப் போட்டுவிட்டு நேரே விடயத்துக்கு வந்தார்.

"வண்டி பாதையிலை ஏறி இறங்குமோ?"

"என்னாங்கையா இப்புடிக் கேக்குறீங்க? எந்தப் பாதையா இருந்தாலும் பஞ்சு மாதிரிப் போகும்."

"ஏறும் சரி. பாதையிலை நிக்குமோ?"

"நிக்கிறதா? அந்தப் பேச்சுக்கே எடமில்லைங்க. வாங்குன நாள்ல இருந்து ஒருவாட்டி கூடப் பாதையில நின்னது கெடையாது."

"ஒருக்காலும் நிக்காதோ?"

"நிக்கவே நிக்காதுங்கையா. நீங்க நம்பி எடுக்கலாம்."

அப்பா கைபேசியை வைத்துவிட்டு எங்களைப் பார்த்தார். அவர் முகத்தில் வெற்றியும் இருந்தது, வியப்பும் இருந்தது. "நல்ல மனிசன். விக்க வந்தவன் உள்ளதை ஒளிக்காமல் சொல்லிப்போட்டான். பாதையிலை நிக்காதாம். ஏத்தினால் உருண்டு கடலுக்குள்ளை போகும்."

அத்தான் தலையில் கை வைத்தார். நான் விளக்கினேன். மலைநாட்டில் பாதை என்றால் றோட்டு. நடுவழியில் பழுதாகி நிற்காது என்பதைத்தான் அந்த மனிதர் பெருமையாகச் சொல்கிறார். இது சொல்லால் வந்த மயக்கம், வண்டியின் குறை அன்று. தெளிவாகத்தான் சொன்னேன்.

"பாதை எண்டால் பாதை. றோட்டு எண்டால் றோட்டு," என்றார் அப்பா. "அவன் றோட்டைச் சொல்லியிருந்தால் றோட்டு எண்டெல்லோ சொல்லியிருப்பான்?"

அன்று முதல் இது அவருடைய தலையாய வாதமாயிற்று. ஒழுங்கையில் போனவர் வந்தவர் எல்லோருக்கும் சொன்னார். நான் மறுபடியும் விளக்கினேன், மறுநாளும் விளக்கினேன். விளங்காததால் அவர் அந்த வாதத்தைப் பிடித்திருக்கவில்லை என்பது எனக்குப் புலப்படத் தொடங்கியிருந்தது. மேடையில் எனக்கு இது பழக்கமான காட்சி: வேறு வாதம் கைவசம் இல்லாதவர்தான் பிழையான வாதத்தை இப்படி இறுகப் பிடிப்பார். ஆனால் அப்பாவிடம் வாதங்களுக்குப் பஞ்சமில்லையே. பிறகு ஏன்?

குசினியில் அம்மா மீன் வெட்டிக்கொண்டிருந்தபோது என் சலிப்பைக் கொட்டினேன். எந்த வண்டியாவது வரட்டும், இந்தப் பேச்சு முடிந்தால் போதும் என்றேன். அம்மா கத்தியை வைத்துவிட்டு முன்வாசல் பக்கம் ஒருமுறை பார்த்தார்.

"அப்பான்ரை இடக்கால் ஒரு வருசமா முழங்காலோடை சரியில்லை. கிளச்சை மிதிச்சுப்போட்டு வந்தால் படுக்கேக்கை எண்ணெய் பூசிப் பிடிச்சுவிட வேணும். பழைய வண்டியிலையே ஏலாமல்தான் ஓடினவர்."

"இதை ஏன் எனக்கு ஒருவரும் சொல்லேல்லை?"

"சொல்லக்கூடாது எண்டவர். உனக்குத் தெரிஞ்சால் பேச்சு நடத்துவாயாம்."

"அத்தானுக்குத் தெரியுமோ?"

"உன்ரை அக்காவுக்குத் தெரிஞ்சால் அவருக்குத் தெரியாமல் இருக்குமே? ஆனால் அவர் என்னண்டு வாய் திறக்கிறது? உங்களுக்குக் கால் ஏலாது மாமா எண்டு மருமோன் சொல்லுறதே? அதுதான் வந்து வந்து முறுக்கு முறுக்கு எண்டு நிக்கிறார்."

கறுவலில் கிளச் கிடையாது. ஒட்டோ வண்டிக்கு வலக்கால் ஒன்றே போதும். இதை அத்தான் ஒரு மாதமாக, கால் என்ற சொல்லை ஒருமுறையும் உச்சரிக்காமல், விசையாலும் எண்களாலும் கறளாலும் சொல்லிக்கொண்டிருந்தார். ஒட்டோ வண்டியில் ஏறினால், ஊரார் "ஏன் அண்ணை ஒட்டோ?" என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல அப்பா விரும்பவில்லை. வெள்ளையனை வாங்கினால் எவரும் எதுவும் கேட்கமாட்டார்கள். ஆனால் அதை எத்தனை நாள் மிதிப்பார்?

அன்று மாலை நான் அப்பாவிடம் பேசத் தயாரானேன். காலைப் பற்றி ஒரு சொல்லும் வராமல் கறுவலுக்கு ஆதரவாக ஒரு பேச்சை மனதில் கட்டி வைத்திருந்தேன். தொடக்கம் நன்றாக அமைந்திருந்தது. அப்பா தொடக்கத்தையே முழுதாகக் கேட்கவில்லை.

"கதை காணும். எனக்கு அலுத்துப் போச்சு. வெள்ளையனைக் கேட்டு வைச்சிருக்கிறன், சொந்தக்காரன் ஓடிப் பாக்கத் தாறான். வள்ளத்தைக் கொழுவிப் பாதையிலை ஏத்திப் பாப்பம். ஏறினால் அவன்தான். ஏறாட்டில் உங்கடை கறுவல்."

அத்தான் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன்.

அல்லைப்பிட்டியில் அடிப்பாகம் வெடித்த படகொன்று காத்திருந்தது. அதை ட்ரெயிலரில் ஏற்றி வெள்ளையனில் கொழுவினோம். அப்பா ஓட்ட, நான் பக்கத்தில். அத்தான் மோட்டார் சைக்கிளில் பின்னால் வந்தார். சமதரையில் வெள்ளையன் அழகாகவே ஓடியது. கியர் மாற்றும் போதெல்லாம் அப்பாவின் உதடுகள் இறுகுவதை நான் பார்க்காதவன்போல் இருந்தேன். ட்ரெயிலரோடு ஏற்றுவதற்குப் பாதைக்காரர் மனம் வைக்க வேண்டும்; அப்பாவை நெடுங்காலம் அறிந்தவர்கள் என்பதால் இடம் விட்டார்கள். ஊர்காவற்றுறைப் பக்கம் துறையிலிருந்து இறங்கிப் பாதையில் ஏறுவது சுலபம். காரைநகர்ப் பக்கம் போய்ச் சேர்ந்தபோது தண்ணீர் நன்றாக வற்றியிருந்தது. சனங்கள் நடந்து இறங்கினார்கள். சைக்கிள்கள் போயின. கடைசியாக நாங்கள்.

அப்பா கிளச்சை மிதித்தார், கியரைப் போட்டார், காலை எடுத்தார். வண்டி ஒருமுறை குலுங்கி நின்றுவிட்டது. மறுபடியும் இயக்கினார். மறுபடியும் நின்றது.

"என்னண்ணை, பின்னாலை கிடக்கிறது வள்ளமோ, கோயில் தேரோ?" என்று பாதைக்காரர் ஒருவர் கத்தினார். இறங்கிப் போனவர்களில் சிலர் திரும்பி நின்று பார்த்தார்கள்.

மூன்றாவது முறை அப்பா பாதிக் கிளச்சில் வண்டியைப் பிடித்து ஏற்ற முயன்றார். சரிவில் பாரம் இழுப்பவர் செய்ய வேண்டியது அதுதான். அவருடைய இடக்கால் துடிக்கத் தொடங்கியது. துடிப்பு கிளச்சுக்குப் போய், அதிலிருந்து வண்டிக்குப் போயிற்று. பிறகு கால் தன் பாட்டில் விட்டுவிட்டது. வண்டி பின்னோக்கி உருண்டது. ட்ரெயிலர் கோணலாகத் திரும்பிப் பாதையின் ஓரத்தை நோக்கிப் போனது. "கட்டை! கட்டை போடு!" என்ற கூச்சல் கேட்டது. பாதைக்காரர் சில்லுக்குக் கீழே மரக்கட்டையைத் தள்ளினார். நின்றோம். படகின் பின்முனை கடலுக்கு மேல் நீட்டிக்கொண்டிருந்தது.

அப்பா இரு கைகளாலும் சுக்கானைப் பிடித்தபடி முன்னால் பார்த்துக்கொண்டிருந்தார். "நீ எடு," என்றார்.

இருக்கை மாறினோம். நான் கிளச்சை மிதித்து, மெல்ல விட்டு, வலக்காலால் எண்ணெயைக் கொடுத்தேன். வெள்ளையன் முனகாமல், திணறாமல், படகையும் இழுத்துக்கொண்டு சரிவில் ஏறி மேலே வந்து நின்றது. அப்பா சொன்னதெல்லாம் உண்மை. நல்ல வண்டி. நல்ல இரும்பு. ஒரு மாதமாக அவர் வாதாடிய கட்சி அத்தனை பேர் முன்னிலையில் வென்றது. ஏறாமல் விட்டிருக்கக் கூடாதா என்று நான் நினைத்தேன்.

இறங்குதுறைக்கு அப்பால் வண்டியை ஓரங்கட்டினேன். அப்பா இறங்கி, கதவைப் பிடித்தபடி நின்றார். அத்தான் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு விரைந்து வந்தார்.

"மாமா, கிளச் பிளேட் தேஞ்சு போச்சு. எனக்குச் சத்தத்திலையே விளங்கினது. இந்த வண்டி சரிவராது."

அப்பா அவரை ஏறிட்டுப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "நீதானே ஓட்டினனி. சொல்லு. கிளச்சோ?"

நான் பயின்ற கலை முழுவதும் அந்த ஒரு கேள்விக்கு முன்னால் என்னைத் தனியே விட்டுவிட்டு எங்கோ போய்விட்டது. "ஓமப்பா," என்றேன். "கிளச்தான். கொஞ்சம்... தேஞ்சுதான் கிடக்கு."

அப்பா கதவைச் சாத்தினார்.

"இவ்வளவு பரிசு எடுத்தனி. ஒரு பொய்யை ஒழுங்காச் சொல்லத் தெரியேல்லை." பிறகு குனிந்து தன் முழங்காலை ஒருமுறை அமுக்கிவிட்டார். "கிளச்சிலை பிழையில்லை. இவன்ரை பிழை." அவர் தட்டிக் காட்டியது தன் இடக்காலை. பிறகு அத்தான் பக்கம் திரும்பினார். "தம்பி, அந்த மலைநாட்டு ஆளுக்கு ஒரு கோல் எடும். நீரே கதையும். நான் கதைச்சால் பாதை எண்டு தொடங்கிவிடுவன்."

அத்தான் கைபேசியை எடுத்தார். எண்ணைத் தேடுவதற்கு அவருக்கு வழக்கத்தை விடக் கூடிய நேரம் பிடித்தது.

கறுவல் வீட்டுக்கு வந்த முதல் நாட்கள் எங்களுக்கு இலேசாக இருக்கவில்லை. இல்லாத கிளச்சை அப்பாவின் இடக்கால் தேடும். தேடிப் பிரேக்கில் விழும். நாங்கள் முன்கண்ணாடியில் போய் மோதுவோம். அக்கா ஒருமுறை ஏறிவிட்டு இனி ஏறமாட்டேன் என்றாள். கடைசியில் அப்பா அதற்கு ஒரு வழி கண்டார். சாப்பிட இருக்கும்போது மடக்குவதைப்போல் இடக்காலைப் பாதி மடக்கி இருக்கையின் மேலேயே வைத்துக்கொண்டார். அப்படியே ஓட்டினார்.

காற்று திரும்புவதற்கு முன் அல்லைப்பிட்டியில் அந்தப் பருவத்தின் கடைசிப் படகுகளை ஏற்றிக்கொண்டிருந்தோம். பாடசாலை விடுமுறை என்பதால் அத்தானும் வந்திருந்தார். நான் முதல்நாள் திருவிழாவில் பேசிவிட்டு, குரலும் உடம்பும் சோர்ந்து, தண்ணீருக்குள் இடுப்பளவில் நின்று கயிற்றைப் பிடித்திருந்தேன். கறுவல் பின்பக்கமாகக் கடலுக்குள் இறங்கி வந்தது. படகுக்காரர் ஓட்டுநர் பக்கத்துக் கண்ணாடிக்குள் எட்டிப் பார்த்தார்.

"என்னண்ணை, ஒரு காலாலையோ ஓடுறியள்?"

கரையில் எல்லோருக்கும் அது கேட்டது. அத்தானின் கை ட்ரெயிலரின் கொழுக்கியில் அப்படியே நின்றது.

"ஓம்," என்றார் அப்பா உள்ளே இருந்தபடி. "மற்றவர் லீவிலை நிக்கிறார்."

படகுக்காரர் வாய்விட்டுச் சிரித்தார். அத்தான் தான் சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல், உதட்டைக் கடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார். நான் தலையசைத்தேன். பிறகு கயிறு இறுகியது, கறுவல் படகை இழுத்துக்கொண்டு மேலே ஏறத் தொடங்கியது. நாங்கள் இருவரும் பக்கத்துக்கு ஒருவராய்த் தள்ளிக்கொண்டு போனோம்.